ஹான்பரி தெரு, 29ஆம் எண்: மூன்று சாட்சிகளும் ஒரு டாக்டரும்

1888இல் லண்டனில் பெண்களைக் கொன்று கடைசிவரை பிடிபடாமலே போன ஜாக் தி ரிப்பர் என்று ஆரம்பித்தாலே பேச்சு நேராக "ஆள் யார்?" என்பதற்குப் போய்விடுகிறது. டாக்டர், கசாப்புக்காரர், இளவரசர் வரைக்கும் பட்டியல் போட்டாயிற்று, நூற்று முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் ஒரு பெயரும் நிற்கவில்லை. எனக்கு அந்தப் பட்டியலில் பெரிய ஆர்வம் கிடையாது. அதற்கு முன்னால் தீர வேண்டிய ஒரு சின்னக் கேள்வி இருக்கிறது, அதுவே இன்னும் தீரவில்லை. அவன் கணக்கில் பொதுவாக எழுதப்படும் ஐந்து கொலைகளில் இரண்டாவதாகச் செத்த ஆனி சாப்மன், எத்தனை மணிக்குச் செத்தார்? விடியற்காலை நாலரைக்கு முன்பா, ஐந்தரைக்கா?

ஒரு மணி நேரம்தானே என்று தோன்றும். ஆனால் நாலரைக்கு முன்பு என்றால் இருட்டு. ஐந்தரை என்றால் சூரியன் கிளம்பியாயிற்று, பக்கத்துச் சந்தையில் வியாபாரம் நடந்துகொண்டிருக்கிறது. நாலரைக்கு முன்பு என்றால் மூன்று சாட்சிகள் சத்தியம் செய்து சொன்னதைத் தூக்கிப் போட வேண்டும், ஐந்தரை என்றால் டாக்டர் சொன்னதைத் தூக்கிப் போட வேண்டும். இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள வழியே இல்லை.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1888 செப்டம்பர் 8, சனிக்கிழமை. லண்டனின் கிழக்குப் பகுதியில் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ். ஆனி சாப்மன் கணவரை இழந்தவர், வயது நாற்பத்தேழு போல. கணவர் பிரிந்திருந்தாலும் வாரம் பத்து ஷில்லிங் அனுப்பிக்கொண்டிருந்தார், 1886 கிறிஸ்துமஸ் அன்று அவர் இறந்ததும் அதுவும் நின்றுவிட்டது. அதற்கப்புறம் டார்செட் தெருவில் ராத்திரிக்கு ராத்திரி காசு கொடுத்துப் படுக்கும் விடுதியில்தான் வாசம். அன்று இரவு ஒன்றரை மணி வாக்கில் விடுதிச் சமையலறையில் சுட்ட உருளைக்கிழங்கு தின்றுகொண்டிருந்தார். படுக்கைக்குக் காசு எங்கே என்று விடுதிக்காரர் கேட்டபோது கையில் இல்லை. படுக்கையை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதே, சீக்கிரம் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு ஒன்றே முக்கால், ஒன்று ஐம்பது வாக்கில் வெளியே போனார். இரவுக் காவல்காரர் அவர் தெருமுனை திரும்புவதைப் பார்த்தார். காலை ஆறு மணிக்குச் சற்று முன்னால், ஹான்பரி தெரு 29ஆம் எண் வீட்டின் மூன்றாவது மாடியில் குடியிருந்த வண்டிக்காரர் ஜான் டேவிஸ் இறங்கி வந்து கொல்லைப்புறக் கதவைத் திறந்தபோது, அங்கே கிடந்தார்.

அந்த வீட்டைக் கொஞ்சம் மனதில் வரைந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் மொத்தச் சண்டையும் அந்தக் கொல்லையின் அமைப்பில்தான் இருக்கிறது. பட்டு நெசவாளிகளுக்காக ஒரு காலத்தில் கட்டப்பட்ட வீடு, அப்போது பதினேழு பேர் குடியிருந்தார்கள். தரைத்தளத்து முன்னறையில் பூனைகளுக்கான இறைச்சி விற்கும் கடை. தெருக்கதவு பூட்டப்படுவதே இல்லை. அங்கிருந்து ஒரு நீள நடை, நம் ஊர் ரேழி மாதிரி, நேராகப் பின்கதவு வரைக்கும். பின்கதவு வெளிப்பக்கமாக, இடது கைப்பக்கம் திறக்கும். அப்புறம் கல்படிகள், பிறகு சின்னக் கொல்லை. படிகளுக்கு வலப்பக்கம் நிலவறைக் கதவு. இடப்பக்கம் பக்கத்து வீட்டைப் பிரிக்கும் ஐந்தரை அடிப் பலகை வேலி. படிக்கும் வேலிக்கும் நடுவில் ஒரு குறுகிய இடம். ஆனி அங்கேதான் கிடந்தார், தலை வீட்டுப் பக்கமாக, வேலியை ஒட்டி. வலது, இடது என்பதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் யாரும் எதையும் கேட்கவில்லை. அங்கே குடியிருந்த, மரப்பெட்டி செய்யும் தொழிலை நடத்திய ஒரு வயதான அம்மாள் அன்றிரவு சரியாகத் தூங்கவே இல்லை, மூன்று மணிக்கு மேல் அப்பப்போ கண்ணயர்ந்ததோடு சரி, ஆனாலும் சத்தம் எதுவும் கேட்கவில்லை என்றார். குடித்தனக்காரர் ஒருவர் நான்குக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வேலைக்குக் கிளம்பிப் போனதுகூட அந்த அம்மாளுக்குக் கேட்டிருக்கிறது.

டாக்டர் ஜார்ஜ் பாக்ஸ்டர் பிலிப்ஸ். அந்தப் பகுதிப் போலீஸ் மருத்துவர், இருபது வருடத்துக்கு மேல் அனுபவம். ஆறு இருபதுக்கு ஆள் அனுப்பினார்கள், ஆறரைக்கு வந்தார். உடல் சில்லிட்டிருந்தது, வயிற்றுக்குள் மட்டும் கொஞ்சம் சூடு மிச்சம். கைகால் விறைப்பு பெரிதாக இல்லை, ஆனால் ஆரம்பித்திருந்தது. இதை வைத்து, இறந்து குறைந்தது இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும், அதற்கு மேலும் இருக்கலாம் என்றார். அப்படியென்றால் நாலரை, அல்லது அதற்கு முன்பு. ஆனால் அதே மூச்சில் இன்னொன்றும் சேர்த்தார்: காலை கொஞ்சம் குளிராக இருந்தது, ரத்தம் பெரும்பகுதி போய்விட்டதால் உடல் வழக்கத்தைவிட வேகமாகக் குளிர்ந்திருக்கும், இதையும் சொல்லிவிடுவது நியாயம் என்று.

இந்த ஒரு வாக்கியத்துக்கு அர்த்தம் சொல்வதிலேயே இரண்டு கட்சி. குளிரும் ரத்த இழப்பும் "அதற்கு மேலும்" என்ற பகுதியைத்தான் தளர்த்துகின்றன, இரண்டு மணி நேரம் என்பது அடிக்கோடு, அதற்குக் கீழே அவர் இறங்கவில்லை என்கிறது ஒரு கட்சி. முழு மதிப்பீட்டுக்கும்தான் அந்த எச்சரிக்கை, அதாவது இரண்டு மணி நேரம் என்பதே குறையலாம் என்கிறது இன்னொன்று. மரண விசாரணை நடத்திய கொரோனர் வின் பாக்ஸ்டர் இரண்டாவது மாதிரிதான் எடுத்துக்கொண்டார். நேர்மையாகப் படித்தால் முதல் அர்த்தம்தான் இயல்பாக வருகிறது என்று எனக்கும் படுகிறது. ஆனால் டாக்டர் என்ன சொல்ல நினைத்தார் என்பது ஒரு கேள்வி, சொன்னது சரியா என்பது வேறு கேள்வி. அவர் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்ததாக சாட்சியத்தில் எங்கும் இல்லை. கையால் தொட்டுப் பார்த்ததுதான். வயிறு கிழிக்கப்பட்டு, ரத்தமெல்லாம் வடிந்து, திறந்த வெளியில் கல்தரையில் கிடந்த உடல், ஏற்கெனவே நுரையீரல் நோய் முற்றிப்போயிருந்த உடல், அதை வெறுங்கையால் தொட்டு ஒரு மணி நேரமா இரண்டு மணி நேரமா என்று பிரித்துச் சொல்வது இன்றைக்கு எந்தத் தடயவியல் மருத்துவரும் நீதிமன்றத்தில் ஏறிச் செய்யத் துணியாத காரியம்.

விறைப்பு விஷயத்தில் டாக்டர் பக்கத்துக்கு ஒரு நல்ல புள்ளி இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. குளிர் இருந்தால் விறைப்பு தாமதமாகத்தான் வரும். ஐந்தரைக்குச் செத்த ஒருவருக்கு ஆறரைக்குள் குளிர்காலையில் விறைப்பு தொடங்கிவிட்டது என்றால் அது சீக்கிரம்தான். முடியாததல்ல, ஆளுக்கு ஆள், சூழலுக்குச் சூழல் நிறைய மாறும், ஆனால் சீக்கிரம். டாக்டரை ஆதரிக்கிறவர்கள் உடல் சூட்டைப் பிடித்துக்கொண்டு தொங்குவதை விட்டுவிட்டு இதைப் பிடித்திருக்கலாம்.

சரி, சாட்சிகளுக்கு வருவோம். ஜான் ரிச்சர்ட்சன், அந்த வயதான அம்மாளின் மகன், வேறு தெருவில் குடியிருந்தவர், ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் சந்தையில் சுமை தூக்குபவர். சில மாதங்களுக்கு முன் நிலவறைப் பூட்டை உடைத்து ரம்பம், சுத்தியல் எல்லாம் திருடிப் போயிருந்தார்கள், அதனால் சந்தை நாட்களில் வேலைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்து, பூட்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார். அன்றும் 4.45க்கும் 4.50க்கும் நடுவில் வந்திருக்கிறார். விசாரணையில் அவர் சொன்னது இது: பின்கதவைத் திறந்தேன், நடுப்படியில் உட்கார்ந்தேன், கால் கொல்லைத் தரையில் இருந்தது, ஷூவில் ஒரு தோல் துண்டு விரலைக் கடித்துக்கொண்டிருந்தது, அதைக் கத்தியால் அறுத்தேன், கிளம்பினேன். வெளிச்சம் வர ஆரம்பித்திருந்தது. உடல் அங்கே இருந்திருந்தால் என் கண்ணில் படாமல் போயிருக்க வாய்ப்பே இல்லை.

இது மட்டும் உண்மையாக இருந்தால் விவகாரம் முடிந்தது. நடுப்படியில் உட்கார்ந்தவருக்கு இடது கை நீட்டினால் எட்டும் தூரம் அது. ஆனால் இங்கேதான் சிக்கல். கொலை நடந்த அன்று காலையிலேயே இன்ஸ்பெக்டர் ஜோசப் சாண்ட்லர் நடையில் வைத்து இவரிடம் பேசியிருக்கிறார். அப்போது ரிச்சர்ட்சன், பின்கதவுக்கு வந்தேன், நிலவறையைப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது, போய்விட்டேன் என்றுதான் சொன்னாராம். ஷூ பற்றி ஒரு வார்த்தை இல்லை. படி இறங்கவில்லை என்றும் சொன்னதாக இன்ஸ்பெக்டர் சாட்சியம். நிலவறை வலப்பக்கம், உடல் இடப்பக்கம். மேல்படியில் நின்று கதவைக் கையால் பிடித்துக்கொண்டு வலப்பக்கம் எட்டிப் பார்த்தவருக்கு, இடப்பக்கமாகத் திறந்த அந்தக் கதவே உடலை மறைத்திருக்கலாம். உட்கார்ந்தாரா, நின்றாரா? ஒரு ஷூவின் தோல் துண்டில் வந்து நிற்கிறது ஒரு கொலையின் நேரம்.

அப்புறம் அந்தக் கத்தி. கொலை நடந்த இடத்தில் கையில் கத்தியோடு உட்கார்ந்திருந்தேன் என்று ஒருவர் தானே வந்து சொன்னால் எந்த விசாரணையும் விடுமா? கொரோனர் அவரை வீட்டுக்கு அனுப்பி கத்தியை எடுத்துவரச் சொன்னார். கொண்டுவந்தது சாப்பாட்டு மேசைக் கத்தி. இது எதற்குச் சட்டைப்பையில் இருந்தது என்றால், முயலுக்குக் காரட் நறுக்கிப் போட்டுவிட்டுத் தவறுதலாகப் பையில் போட்டுக்கொண்டேன் என்றார். இதைவிட, ஒரு பத்திரிகை அறிக்கையின்படி, அந்தக் கத்தி சரியாக அறுக்கவில்லை, சந்தையில் இன்னொருவரிடம் கத்தி வாங்கி அறுத்தேன் என்றும் சொல்லியிருக்கிறார். அப்படியானால் படியில் உட்கார்ந்து அறுத்த கதை? அறுக்க முயன்றேன், முழுசாக அறுபடவில்லை, மிச்சத்தைச் சந்தையில் அறுத்தேன் என்று பொருத்திக்கொள்ளலாம். பொருத்தாமல், ஆள் மாற்றி மாற்றிப் பேசுகிறார் என்றும் சொல்லலாம். இங்கே நமக்குக் கிடைத்திருப்பது நிருபர்கள் அவசரமாக எழுதிய குறிப்புகள், பத்திரிகைக்குப் பத்திரிகை வார்த்தை மாறும், ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இல்லை. வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப தூரம் இழுக்க முடியாது.

நான் ரிச்சர்ட்சனை நம்புகிறேன், ஷூ கதைக்காக அல்ல. அவர் செய்தி கேட்டு ஓடிவந்து, டாக்டர் வருவதற்கு முன்பே பக்கத்துக் கொல்லையிலிருந்து உடலைப் பார்த்திருக்கிறார். அதாவது, நான் பார்க்காமல் போயிருக்க முடியாது என்று சொல்லும்போது, உடல் எந்த இடத்தில், எப்படிக் கிடந்தது என்று துல்லியமாகத் தெரிந்துகொண்டுதான் சொல்கிறார். கதவு மறைத்திருக்குமா என்று நாம் இன்றைக்கு வரைபடம் போட்டு யோசிப்பதை அவர் தினம் புழங்கிய அந்தப் படியில் அன்றைக்கே யோசித்திருப்பார். பொய் சொல்ல வேண்டும் என்றால் கத்தியைக் கதைக்குள் கொண்டுவந்திருக்கவே மாட்டார், யார் தன் கழுத்தில் தானே கயிற்றை மாட்டிக்கொள்வார்? போலீஸும் அவரை விடவில்லை, உடுப்பைச் சோதித்தார்கள், வீட்டைச் சோதித்தார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. இன்ஸ்பெக்டரிடம் ஏன் ஷூவைச் சொல்லவில்லை? தாயார் வீட்டுக் கொல்லையில் பிணம் கிடக்க, நடையில் நின்றபடி போலீஸ் ரெண்டு கேள்வி கேட்டால் ஷூ கடித்த கதையெல்லாம் வாயில் வராது. பூட்டைப் பார்க்க வந்தேன், பார்த்தேன், போனேன் என்பதுதான் வரும்.

அடுத்தது ஆல்பர்ட் கடோஷ். பக்கத்து வீடு, 27ஆம் எண். தச்சர். உடம்பு சரியில்லாமல் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தவர். 5.15க்கு எழுந்து கொல்லைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, 5.20 வாக்கில், "நோ" என்று ஒரு குரல் கேட்டது. 29ஆம் எண்ணிலிருந்துதான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன், ஆனால் எந்தப் பக்கம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். உள்ளே போய், மூன்று நான்கு நிமிடம் கழித்து மறுபடி கொல்லைக்கு வந்தபோது, வேலியில் என்னவோ சட்டென்று மோதிய மாதிரிச் சத்தம். இது 29ஆம் எண் பக்கத்து வேலி, இதில் அவருக்குச் சந்தேகமில்லை. ஐந்தரை அடி வேலி, குதிகாலைத் தூக்கினால் எட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. ஏன்? அங்கே மரப்பெட்டி செய்கிறார்கள், அப்பப்போ பெட்டி வந்து வேலியில் இடிக்கும், நான் என் வேலையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன் என்றார். பிறகு வேலைக்குக் கிளம்பி, ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் சர்ச்சைக் கடந்தபோது கடிகாரம் 5.32 போல காட்டியது.

இவரை எனக்கு மிகவும் பிடிக்கும். கதை கட்டுகிறவர் என்றால் இதைவிட நல்ல கதை கட்டியிருப்பார். ஒரு அலறல், ஒரு நிழல், எதையாவது சேர்த்திருப்பார். ஊரே கொலைகாரனைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது சாட்சிக் கூண்டில் ஏறி, எனக்குக் கேட்டது ஒரு வார்த்தையும் ஒரு இடியும்தான், வார்த்தை எந்தப் பக்கம் வந்தது என்றுகூடச் சத்தியமாகச் சொல்ல முடியாது என்கிறார் பாருங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் சாட்சி, தெரிந்ததாகச் சொல்வதை நான் கொஞ்சம் கூடுதலாகவே எடுத்துக்கொள்வேன். அதோடு ஒரு விஷயம், டாக்டர் சொன்னது சரி என்றால் அந்த 5.25 வாக்கில் அந்தக் கொல்லையில் ஒரு பிணம் ஒரு மணி நேரமாகக் கிடக்கிறது. அப்போது வேலியில் மோதியது யார்? உயிரோடு இருந்த யாரோ ஒருவர் அந்தப் பிணத்துக்குப் பக்கத்தில் நின்று வேலியில் இடித்துக்கொண்டு, ஒரு சத்தமும் போடாமல் போய்விட்டாரா?

மூன்றாவது எலிசபெத் லாங். சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தவர். பிரிக் லேனிலிருந்து ஹான்பரி தெருவுக்குள் திரும்பும்போது பிளாக் ஈகிள் பீர் ஆலைக் கடிகாரம் ஐந்தரை அடித்தது என்கிறார். 29ஆம் எண் வீட்டு ஜன்னல் பலகைக்குப் பக்கத்தில் ஒரு ஆணும் பெண்ணும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் முகம் இவருக்குத் தெரிந்தது, ஆணின் முதுகு மட்டும்தான். "வருகிறாயா?" என்ற மாதிரி அவன் கேட்க, "சரி" என்றாளாம். பிறகு பிணவறையில் காட்டியபோது இதே பெண்தான் என்றார். அந்த ஆள் நாற்பதைத் தாண்டியவன், கறுத்த நிறம், பழுப்பு நிற வேட்டைத்தொப்பி, ஆனியைவிடக் கொஞ்சம்தான் உயரம், வாழ்ந்து கெட்டவன் போல உடுப்பு, பார்க்க வெளிநாட்டுக்காரன் மாதிரி.

முகத்தைப் பார்க்கவில்லை என்று சொன்ன கையோடு வயதும் தேசமும் சொல்கிறார். முதுகில் எங்கே எழுதியிருந்தது? அந்த வாரம் முழுக்க, பக்கத்து ஒயிட்சாப்பல் வட்டாரத்தில், கொலைகாரன் என்று சந்தேகிக்கப்பட்டவனுக்கு வைத்த "தோல் ஏப்ரன்" என்ற பட்டப்பெயர்தான் எல்லோர் வாயிலும், யூதக் குடியேறிகள் மீது சந்தேகம், செப்டம்பர் 10 அன்று ஜான் பைசர் என்ற யூத செருப்புத் தொழிலாளியைப் பிடித்து, பிறகு கொலை நேரத்தில் அவர் வேறிடத்தில் இருந்தது உறுதியானதால் விட்டார்கள். (29ஆம் எண் கொல்லையில் நனைந்த தோல் ஏப்ரன் ஒன்று கிடந்ததும் ஊரே கொதித்தது. அது ரிச்சர்ட்சனுடையது, அவர் அம்மா துவைத்துப் போட்டது.) லாங் பிணவறைக்குப் போனது கொலைக்கு நான்கு நாள் கழித்து. அதற்குள் ஊர்ப்பேச்சு அவர் நினைவுக்குள் எவ்வளவு கலந்திருக்கும் என்று யாரால் பிரிக்க முடியும்? அடையாளம் காட்டியதும் அப்படித்தான். நம் ஊரில் அடையாள அணிவகுப்பு என்றால் பலரை வரிசையில் நிறுத்தி நடுவில் ஒருவரைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். இவருக்குக் காட்டியது ஒரே ஒரு உடல், அதுவும் யாருடையது என்று ஊருக்கே தெரிந்த உடல். அந்தத் தெருவில் அந்த நேரத்தில் ஆணும் பெண்ணும் நின்று பேசுவதை நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் திரும்பிப் பார்க்கவில்லை என்று அவரே சொன்னார்.

இப்போது நேரக் குழப்பம். லாங் ஐந்தரைக்கு ஆனியை உயிரோடு பார்க்கிறார். கடோஷ் 5.20க்கு "நோ" கேட்கிறார், 5.25 வாக்கில் இடி. செத்தவர் அப்புறம் எப்படி வாசலில் நின்று பேசுவார்? கொரோனர் பாக்ஸ்டர் செப்டம்பர் 26 அன்று தொகுத்துச் சொன்னபோது இதைச் சுலபமாகக் கடந்தார்: கடோஷ் கால் மணி நேரம் தப்புக் கணக்கு போட்டிருந்தால் முரண்பாடு மறைந்துவிடும் என்றார். அதற்கு ஆதாரமாக, கடோஷ் சர்ச் கடிகாரத்தைக் கடந்தது ஐந்தரைக்கு அப்புறம்தானே என்றார். எனக்கு இது புரிவதே இல்லை. கால் மணி தள்ளினால் "நோ" கேட்டது 5.35. சர்ச்சைக் கடந்தது 5.32. வேலைக்குப் போன பிறகு வீட்டுக் கொல்லையில் சத்தம் கேட்டாரா? கொரோனர் எடுத்துவைத்த ஆதாரமே கொரோனரைக் கவிழ்க்கிறது.

நான் சர்ச் கடிகாரத்திலிருந்து பின்னோக்கி எண்ணிப் பார்த்தேன். 5.32க்கு சர்ச். 27ஆம் எண்ணிலிருந்து சர்ச் வரை சில நிமிட நடை, ஆக 5.28 போல வீட்டை விட்டுக் கிளம்பியிருப்பார். இடி அதற்கு ஒன்றிரண்டு நிமிடம் முன்பு, 5.26. "நோ" அதற்கு மூன்று நான்கு நிமிடம் முன்பு, 5.22. அவர் சொன்ன 5.20ஓடு கச்சிதமாகப் பொருந்துகிறது. அப்படியென்றால் லாங் அந்த ஜோடியைக் கடந்தது 5.20க்குச் சற்று முன்பாக இருக்க வேண்டும், அவர் சொன்னதற்குப் பத்து நிமிடம் முன்னால். பத்து நிமிடம்! ஒரு கடிகாரம் ஆலையில், இன்னொன்று சர்ச்சில், இரண்டும் ஒரே நேரம் காட்டின என்று யார் சொன்னது? நம் வீட்டிலேயே கூடத்துக் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் வைத்துவிட்டு, சமையலறைக் கடிகாரம் சரியாக ஓட, எது சரி என்று தினமும் காலையில் சண்டை போடுகிறோம். அல்லது லாங் கேட்டது 5.15க்கு அடித்த கால் மணி மணியோசையாக இருக்கலாம், அப்போது எல்லாம் வரிசையாக உட்கார்ந்துவிடும்; ஆனால் ஐந்தரை தாண்டிச் சில நிமிடத்தில் சந்தையில் இருந்தேன் என்றும் அவர் சொன்னதால், அந்த வழியிலும் ஒரு முள் இருக்கத்தான் செய்கிறது.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்போம். லாங் கண்ணால் கண்டார், கடோஷ் காதால் கேட்டார், கொரோனர் பாக்ஸ்டர் ஐந்து நாள் உட்கார்ந்து தீர விசாரித்தார், கடைசியில் தப்பாகக் கூட்டினார்! ஆனால் எனக்கு இந்தப் பத்து நிமிட முரண்பாடு நெருடவில்லை. மூன்று பேரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே நேரத்தைச் சொல்லியிருந்தால்தான் எனக்குப் பயம் வந்திருக்கும்.

போலீஸ் கொரோனரோடு ஒத்துப்போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தலைமை இன்ஸ்பெக்டர் டொனால்ட் ஸ்வான்சன் அக்டோபர் 19 அன்று எழுதிய அறிக்கையில், டாக்டர் சொன்னது சரி என்றால் ரிச்சர்ட்சன் உடலைப் பார்க்காதது எப்படி என்று விளங்கவில்லை என்கிறார், லாங் சொன்னது சரி என்றால் டாக்டர் தவறு என்கிறார், முடிவில் வருத்தத்தோடு லாங்கின் சாட்சியத்தைச் சந்தேகத்துக்குரியதாக வைக்கிறார். டாக்டருக்கும் சந்தைக்குப் போகும் பெண்ணுக்கும் நடுவில் தேர்ந்தெடு என்றால் 1888இல் ஒரு போலீஸ் அதிகாரி யாரைத் தேர்ந்தெடுப்பார் என்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் போட்டி அந்த இருவருக்கு நடுவில் இல்லை, அதுதான் விஷயம். லாங்கை முழுசாக எடுத்துவிடுங்கள், அவர் பார்த்தது வேறு யாரோ ஒரு ஜோடி என்றே வைத்துக்கொள்வோம். ரிச்சர்ட்சனும் கடோஷும் மிச்சம், சாவு 5.25 வாக்கில். கடோஷை எடுத்துவிட்டால் ரிச்சர்ட்சனும் லாங்கும் மிச்சம், ஐந்தரை வாக்கில். ரிச்சர்ட்சனை எடுத்தால்கூட மற்ற இருவரும் டாக்டருக்கு எதிராகத்தான் நிற்கிறார்கள். டாக்டர் ஜெயிக்க வேண்டுமானால் ஒருவர் கண் முன்னால் கிடந்ததைப் பார்க்காமல் இருந்திருக்க வேண்டும், ஒருவர் பெட்டிச் சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டும், ஒருவர் முகத்தை மாற்றிக் காட்டியிருக்க வேண்டும். மூன்று தனித்தனித் தவறுகள், ஒரே காலையில், ஒரே திசையில். சாட்சிகள் ஜெயிக்க ஒரே ஒரு கை ஒரே ஒரு தடவை தப்பாகத் தொட்டிருந்தால் போதும், அந்தக் கைக்காரரே அதற்கான காரணங்களையும் கொடுத்துவிட்டார்.

நம் உச்ச நீதிமன்றம் 1957இல் ஒரு தீர்ப்பில் சாட்சிகளை மூன்றாகப் பிரித்தது: முழுக்க நம்பக்கூடியவர், முழுக்க நம்பக்கூடாதவர், இரண்டிலும் சேராதவர். மூன்றாவது ரகம்தான் தலைவலி, அங்கேதான் வேறு ஆதாரம் தேடிப் புடைத்து எடுக்க வேண்டும். ஹான்பரி தெருவில் மூன்று பேருமே அந்த ரகம். ரிச்சர்ட்சனின் ஷூவை விட்டுவிட்டு, கொல்லை காலியாக இருந்தது என்பதை எடுத்துக்கொள்ளலாம். கடோஷின் குரலை விட்டுவிட்டு வேலிச் சத்தத்தை எடுத்துக்கொள்ளலாம். லாங்கிடமிருந்து ஒரு ஜோடி வாசலில் நின்றது என்பது வரைக்கும் எடுத்துக்கொள்ளலாம், அந்த முதுகின் வயதையும் தேசத்தையும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் நடந்தது என்ன? லாங்கை நம்புகிறவர்கள் அந்த வெளிநாட்டுக்காரனையும் சேர்த்து வைத்துக்கொண்டு தங்களுக்குப் பிடித்த சந்தேக நபருக்குத் தொப்பி மாட்டுகிறார்கள், அந்தச் சந்தேக நபர் பொருந்தாதவர்கள் லாங் பொய் சொல்கிறார் என்று நேரத்தையே நாலரைக்குத் தள்ளுகிறார்கள். யாரும் நேரத்தை நேரத்துக்காகப் பார்ப்பதில்லை.

நான் ஐந்து இருபதுக்கும் ஐந்தரைக்கும் நடுவில் என்ற பக்கம். ஆனால் என் பக்கத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. ஒன்று ஐம்பதுக்கு விடுதியை விட்டுப் போன ஆனி, ஐந்தேகால் வரைக்கும் எங்கே இருந்தார்? மூன்றரை மணி நேரம். அவரைத் தெரிந்தவர்கள் நிறைந்த தெருக்கள், ராத்திரியெல்லாம் ஆள் நடமாட்டம் உள்ள பகுதி, ஒருவர்கூட வந்து நான் பார்த்தேன் என்று சொல்லவில்லை. டாக்டர் கட்சி இதைக் கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. வயிற்றில் கொஞ்சம் சாப்பாடு இருந்தது என்றார் டாக்டர். அது ஒன்றரை மணி உருளைக்கிழங்கு என்றால் சாவு சீக்கிரம் நடந்திருக்க வேண்டும் என்று அவர்கள் வாதம், நடுவில் வேறு ஏதாவது சாப்பிட்டிருக்கலாம் என்று எங்கள் வாதம். அந்த மூன்றரை மணி நேரத்தில் எங்கேயாவது ஒரு கடைக்காரர், ஒரு தோழி, கூட வந்த எவனோ ஒருவன் ஆனிக்கு ஒரு துண்டு ரொட்டி கொடுத்திருந்தால் அந்த ஒரு ஆள் நாலாவது சாட்சியாக வந்திருக்கலாம். ஐந்து நாள் விசாரணை நடந்தது, அப்படி யாரும் வரவில்லை.